தொங்கும் செடிக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? பணியிடச் செடிகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

பணியிடத்தைத் தொங்குதொட்டிகளால் அழகுபடுத்துவது இப்போது பரவலாகிவிட்டது. நர்சரியில் அடர்த்தியாகப் பச்சைப் பசேலென்று இருந்த மணி பிளாண்டையோ ஃபெர்னையோ வாங்கிவந்து, கூரையில் ஒரு கொக்கியைப் பதித்துத் தொங்கவிட்டால் அறையின் தோற்றமே மாறிவிடுகிறது. ஆனால் சில மாதங்கள் கழிந்ததும் அதே செடி தொட்டியின் விளிம்பில் மொட்டையாகி, இரண்டு மூன்று நீண்ட கொடிகளும் அவற்றின் நுனியில் சில இலைகளுமாக மெலிந்து நிற்பதைத்தான் பல அலுவலகங்களில் பார்க்கிறோம். தண்ணீர் கூடிவிட்டது, உரம் போதவில்லை, ஏசி ஒத்துக்கொள்ளவில்லை, கைராசி இல்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். விற்றவரோ, "இது நிழல் செடி, எங்கே வைத்தாலும் வரும்" என்று சொல்லித்தான் கொடுத்திருப்பார்.

உள்ளறையில் ஒரு செடி தழைப்பதும் தேய்வதும் முதலாவதாக வெளிச்சத்தின் கணக்கைப் பொறுத்தது. கூரையிலிருந்து தொங்கும் செடிக்கு அந்தக் கணக்கு, மேசைமேல் வைத்த செடிக்கு இருப்பதைவிடக் கடுமையானது. தண்ணீரும் உரமும் ஏசியும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. இந்த வரிசை தெரியாமல் தண்ணீரை மட்டும் கூட்டியும் குறைத்தும் பார்ப்பதால்தான் நல்ல செடிகள் வீணாகின்றன. தாவரவியல் படித்திராதவரும் பின்தொடரும் வகையில் அந்தக் கணக்கை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இவை எந்தக் காட்டின் செடிகள்

நாம் தொங்கவிடும் செடிகளில் பல, வெப்பமண்டலக் காடுகளில் மரத்தைச் சார்ந்து வாழ்பவை. மணி பிளாண்ட் என்று நாம் அழைக்கும் கொடியின் தாயகம் பசிபிக் பெருங்கடலில் தஹிதிக்கு அருகிலுள்ள மூரேயா என்னும் சிறு தீவு. இதய வடிவ இலை கொண்ட ஃபிலோடெண்ட்ரான் நடு அமெரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வந்தது. இவை இரண்டும் இயல்பில் ஏறுகொடிகள். கணுவிலிருந்து வேர்விட்டு மரத்தைப் பற்றிக்கொண்டு மேலேறும். ஏற ஏற இலை பெரிதாகும். நம் ஊர்த் தோட்டங்களில் தென்னையிலோ மாமரத்திலோ தொற்றி ஏறிய மணி பிளாண்டின் இலை முறம்போல் விரிந்து, ஓரங்கள் கிழிந்தாற்போல் இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். மேசையில் கண்ணாடிப் புட்டியில் நிற்கும் உள்ளங்கையளவு இலையும் அதே செடியினுடையதுதான். பற்றிக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல் தொங்கும்போது இலை சிறுத்தே வரும். ஆகவே தொங்கும் மணி பிளாண்டில் சிறிய இலைகள் வருவதை மட்டும் நோயென்று கொள்ள வேண்டியதில்லை.

இன்னொரு வகை, தொற்றுத் தாவரங்கள். மண்ணில் வேரூன்றாமல் மரக்கிளையில் இடம்பிடித்து, மழைநீரையும் பட்டையில் சேரும் மக்கையும் கொண்டு வாழும் செடிகளுக்கு இந்தப் பெயர். மரத்தின் சாற்றை இவை உறிஞ்சுவதில்லை. மெழுகு பூசியதுபோன்ற இலைகளும் கொத்துக் கொத்தான நட்சத்திரப் பூக்களும் உடைய ஹோயா இனங்கள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. ஹோயாவை வெளிநாட்டுச் செடி என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் ஹோயாக்கள் இயற்கையாக வளர்கின்றன, அவற்றில் ஒன்று கன்னியாகுமரியின் பெயரையே தாங்கி ஹோயா கன்னியாகுமாரியானா என்று வழங்குகிறது. பச்சை நூல்களைக் கொத்தாகத் தொங்கவிட்டதுபோல் இருக்கும் ரிப்சாலிஸ் முள்ளில்லாத ஒரு கள்ளிச்செடி. கள்ளிக் குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது என்ற பொதுவிதிக்கு, ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகக் காணப்படும் ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா ஒன்றுதான் விலக்கு.

காட்டில் இவை எல்லாம் நிழலில்தான் வளர்கின்றன என்பது உண்மை. அந்த நிழல் எத்தகையது என்பதில்தான் நாம் தவறிவிடுகிறோம். அடர்ந்த மழைக்காட்டின் தரையை எட்டுவது மேலே விழும் வெயிலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான். கிளையில் உட்கார்ந்திருக்கும் தொற்றுச்செடிக்கு அதைவிடப் பல மடங்கு கிடைக்கும். அந்த நூற்றில் ஒரு பங்குகூட நம் அலுவலக அறையின் வெளிச்சத்தைவிட அதிகம் என்பதைச் சற்று நேரத்தில் எண்களோடு பார்ப்போம்.

இலையின் வரவும் செலவும்

ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வருகிறது, வாடகை, மளிகை, மின்கட்டணம் என்று செலவாகிறது. வரவு செலவைவிடக் கூடுதலாக இருந்தால் மிச்சம் பிடித்துப் புதிதாக ஒன்றை வாங்கலாம். இரண்டும் சமமாக இருந்தால் வாழ்க்கை ஓடும், வளர்ச்சி இருக்காது. வரவு குறைந்துவிட்டாலோ, சேமிப்பில் கைவைத்துச் சில மாதங்கள் ஓட்டலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த வீட்டில் எந்த மாற்றமும் தெரியாது.

செடியில் வரவு என்பது ஒளிச்சேர்க்கை: இலையிலுள்ள பச்சையம் ஒளியின் ஆற்றலைப் பிடித்து, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் அனுப்பும் நீரையும் சர்க்கரையாக மாற்றும் வேலை. செலவு என்பது சுவாசித்தல்: உயிரோடிருக்கும் ஒவ்வொரு செல்லும் அந்தச் சர்க்கரையை எரித்துத் தன் வேலைகளுக்கான ஆற்றலைப் பெறுவது. ஒளிச்சேர்க்கை வெளிச்சம் இருக்கும்போது மட்டும் நடக்கும். சுவாசித்தல் இரவும் பகலும், ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் பூட்டியிருக்கும்போதும் நடக்கும். ஒளிச்சேர்க்கையில் வருவதும் சுவாசத்தில் போவதும் சமமாகும் வெளிச்ச அளவை ஒளி ஈடுசெய்யும் புள்ளி என்பார்கள். உள்ளறைச் செடிகளைப் புரிந்துகொள்ள உண்மையில் தேவையான கலைச்சொல் இது ஒன்றுதான்.

"நிழல் செடி" என்று நர்சரியில் சொல்வதன் பொருள் இப்போது தெளிவாகும். அத்தகைய செடியின் ஈடுசெய்யும் புள்ளி தாழ்ந்தது; அதாவது சிக்கனமாகச் செலவழிக்கத் தெரிந்த செடி. ரோஜாவோ செம்பருத்தியோ சில வாரங்களில் வாடிவிடும் இடத்தில் அது நெடுநாள் தாக்குப்பிடிக்கும். தாக்குப்பிடிப்பது வேறு, விரும்பி வளர்வது வேறு. நல்ல வெளிச்சத்தில் வைத்தால் அதே மணி பிளாண்ட் பல மடங்கு வேகமாகத் தழைக்கும். வெளிறிய அல்லது வெண்மை கலந்த இலை கொண்ட வகைகளுக்குக் கூடுதல் வெளிச்சம் தேவைப்படுவதும் இதே கணக்கினால்தான்: வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லாததால் இலையின் ஒரு பங்கு சம்பாதிப்பதே இல்லை, ஆனால் செலவு செய்கிறது.

புதிதாக வாங்கிய செடி முதல் சில மாதங்கள் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு தேய்வதற்கும் காரணம் இதில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கடைகளுக்கு வரும் அலங்காரச் செடிகளில் பல, ராஜமுந்திரிக்கு அருகிலுள்ள கடியம் போன்ற நர்சரி ஊர்களில் நிழல்வலைக் கூடாரத்தில் வளர்க்கப்பட்டவை. வெயிலில் பாதியையோ முக்கால்பங்கையோ வலை தடுத்தாலும், மீதி வெளிச்சமே அலுவலகத்தில் கிடைப்பதைப் போலப் பல பத்து மடங்கு. அங்கே தண்டிலும் வேரிலும் சேர்த்த மாவுச்சத்தோடு செடி நம்மிடம் வருகிறது. நாம் அதை இருட்டில் மாட்டியதும் சேமிப்பைச் செலவழித்து வாழத் தொடங்குகிறது. அது தீரும்போது மிகப் பழைய இலைகளை முதலில் கைவிடுகிறது.

சுருங்கச் சொன்னால், செடிக்கு வெளிச்சம்தான் உணவு தயாரிக்கும் ஆற்றல். ஈடுசெய்யும் புள்ளிக்குக் கீழே உள்ள இடத்தில் எந்தச் செடியும் மெல்லத்தான் தேயும். தேய்வது நம் கண்ணுக்குப் புலப்படச் சில மாதங்கள் ஆகும்.

கண் நம்மை ஏமாற்றுகிறது

"எங்கள் அலுவலகம் நல்ல வெளிச்சமானது" என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை. மனிதக் கண் வெளிச்சத்துக்கேற்பப் பாவையைச் சுருக்கியும் விரித்தும், விழித்திரையின் உணர்திறனை மாற்றியும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அதனால் நூறு மடங்கு வேறுபாட்டைக்கூட நாம் கொஞ்சம் கூடுதல், கொஞ்சம் குறைவு என்றே உணர்கிறோம். இலைக்கு அப்படிப்பட்ட வசதி இல்லை.

ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நடுப்பகல் வெயிலில் அது ஏறத்தாழ 1,00,000. மேகமூட்டமான பகலில் திறந்தவெளியில் 10,000 அளவில் இருக்கும். படிக்கவும் எழுதவும் போதுமென்று வடிவமைக்கப்பட்ட அலுவலக மேசைமேல் 300 முதல் 500 வரை. இப்போது மழைக்காட்டுத் தரையின் நூற்றில் ஒரு பங்கைக் கணக்கிட்டால் அது 1,000 லக்ஸ். காட்டின் மிக இருண்ட தரையே நம் மேசையைப்போல் இரண்டு மடங்கு வெளிச்சமானது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும்.

மணி பிளாண்ட், இதய இலை ஃபிலோடெண்ட்ரான் போன்ற சிக்கனமான செடிகள் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் 500 லக்ஸ் கிடைத்தால் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். கண்ணுக்கு நிறைவாக வளர 1,000 முதல் 2,000 வரை வேண்டும். ஸ்பைடர் பிளாண்டும் பாஸ்டன் ஃபெர்னும் அதற்கும் மேலே கேட்கும். ஹோயா பூக்க வேண்டுமானால் காலை வெயில் சிறிதாவது இலைமேல் படுவது நல்லது. இவை எல்லாம் தோராயமான அளவுகளே. கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் கிடைக்கின்றன. அவை துல்லியமானவை அல்ல என்றாலும், ஓரிடத்தையும் இன்னோர் இடத்தையும் ஒப்பிடப் போதுமானவை.

ஜன்னலின் மேல்விளிம்பு

தொங்கும் செடிக்கே உரிய சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. இந்தக் கட்டுரையில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதியும் இதுதான்.

பகலில் அறைக்குள் வரும் வெளிச்சத்தின் முதன்மையான மூலம், நேரடி வெயில் விழாத நேரங்களில், வானம். ஓர் இடத்திலிருந்து ஜன்னல் வழியாக எவ்வளவு வானம் தெரிகிறதோ அந்த அளவுக்கு அங்கே வெளிச்சம் கிடைக்கும். வானமே தெரியாத இடத்துக்கு, சுவரிலும் தரையிலும் எதிர்வீட்டிலும் பட்டுத் திரும்பிய மிச்சம் மட்டுமே வந்துசேரும்.

நம் கட்டடங்களில் ஜன்னலின் மேல்விளிம்பு, அதாவது லிண்டல், வழக்கமாகத் தரையிலிருந்து 7 அடி உயரத்தில் இருக்கும். கூரை 10 அடி. கூரைக் கொக்கியிலிருந்து ஒரு முழம் நீளச் சங்கிலியில் தொங்கும் தொட்டியின் விளிம்பு எட்டரை அடியில், லிண்டலுக்கு மேலே நிற்கும். அந்த விளிம்பில் நம் கண் இருப்பதாக வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தால் பார்வை கீழ்நோக்கித்தான் செல்ல முடியும்: சாலை, காம்பவுண்டுச் சுவர், நிறுத்தியிருக்கும் வண்டிகள் தெரியும். வானம் ஒரு துண்டுகூடத் தெரியாது. ஜன்னலுக்குப் பக்கத்திலேயே தொங்கினாலும் இதுதான் நிலை. அறையை அழகுபடுத்துபவர்கள் தொட்டியை உயரத்தில் மாட்டவே விரும்புகிறார்கள். செடியின் பக்கமிருந்து பார்த்தால் அறையிலேயே மிக இருண்ட இடங்களில் ஒன்று அது.

இப்போது கொடி கீழே வளர்ந்து இறங்குவதை நினைத்துப் பாருங்கள். நுனி 5 அடி உயரத்துக்கு வந்ததும் லிண்டலுக்குக் கீழே சென்றுவிடுகிறது. ஜன்னலிலிருந்து 2 அடி உள்ளே இருந்தால், அங்கிருந்து மேல்நோக்கி 45 பாகை வரை பார்க்க முடியும். 6 அடி உள்ளே தள்ளிவிட்டால் அது 18 பாகையாகக் குறையும். எதிரில் ஒரு மாடிக் கட்டடம் இருந்தால் அந்த 18 பாகையையும் அதுவே மறைத்துவிடும். ஜன்னலுக்கு வெளியே 2 அடி நீண்ட சன்ஷேடு இருந்தால் 45 பாகை ஏறத்தாழ 27 ஆகச் சுருங்கும். மழையையும் வெயிலையும் தடுக்க நாம் வைக்கும் அந்தக் கான்கிரீட் பலகை, செடிக்கு வேண்டிய வானத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது.

நுனிக்கு வானம் தெரிகிறது, உச்சிக்குத் தெரியவில்லை. அதனால்தான் அலுவலகத்து மணி பிளாண்டில் கொடியின் நுனி பசுமையாக இருக்க, தொட்டியின் விளிம்பை ஒட்டிய இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்கின்றன. மொட்டையான பகுதியில் கணுக்களுக்கு இடையிலான தூரத்தைக் கவனித்தால் அங்கே ஒரு பதிவேடே இருக்கும்: நர்சரியில் வளர்ந்த பகுதியில் கணுக்கள் நெருங்கியிருக்கும், அறைக்கு வந்தபின் வளர்ந்த பகுதியில், வெளிச்சத்தைத் தேடி நீண்டதால், கணுக்கள் தள்ளித் தள்ளி நிற்கும், ஜன்னல் மட்டத்துக்கு இறங்கிய இடத்தில் மறுபடி நெருங்கத் தொடங்கும்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கைபேசியைத் தொட்டியின் விளிம்புக்குச் சமமான உயரத்தில், செடி தொங்கவிருக்கும் இடத்தில் பிடித்து, ஜன்னலை நோக்கி ஒரு படம் எடுத்துப் பார்த்தால் போதும். படத்தில் வானம் தெரியாவிட்டால் அந்த இடம் செடிக்கானதல்ல. சங்கிலியை நீளமாக்கி, தொட்டியின் விளிம்பு லிண்டலுக்கு ஓர் அடியாவது கீழே வரும்படியும், ஜன்னலிலிருந்து கையெட்டும் தூரத்துக்குள் இருக்கும்படியும் மாட்டுங்கள். நடைபாதையில் தலையில் இடிக்கும் என்பது நியாயமான கவலை. ஜன்னலோரம் இருக்கும் கோப்பு அலமாரிக்கோ தாழ்ந்த மேசைக்கோ நேர்மேலே மாட்டினால் அந்தக் கவலை தீரும்.

இந்தப் பகுதியின் சாரம் இது: தொங்கும் செடிக்கு உயரம் எதிரி, லிண்டலுக்குக் கீழேயும் ஜன்னலுக்கு அருகேயும் வானம் தெரியும்படி மாட்டுவதுதான் மற்ற எல்லாப் பராமரிப்பையும்விட முதன்மையானது.

எந்தத் திசை ஜன்னல்

செடி வளர்ப்புக் குறிப்புகளில் "தெற்கு ஜன்னல் நல்லது, வடக்கு ஜன்னல் இருட்டு" என்று எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள். அது ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் பொருந்தும். அங்கே சூரியன் ஆண்டு முழுவதும் நண்பகலில் தெற்கே நிற்கிறது. சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கில்தான் இருக்கிறது. ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில்தான் சிறிது வெயில் எட்டிப் பார்க்கும், தெற்கு ஜன்னல் நிழலில் இருக்கும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே தாழ்ந்து, தெற்கு ஜன்னல் வழியாக உள்ளே வரும். ஆகவே நம் ஊரில் வடக்கையும் தெற்கையும் ஏறத்தாழ ஒன்றாகவே கருதலாம்.

நமக்குப் பெரிய வேறுபாடு கிழக்கும் மேற்கும்தான். கிழக்கு ஜன்னலில் விழும் காலை வெயில் பெரும்பாலான தொங்குசெடிகளுக்கு உகந்தது. எனக்கு ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் கிழக்கையே தேர்ந்தெடுப்பேன். மேற்கு ஜன்னலில் பிற்பகல் வெயில் சாய்வாக நேரே உள்ளே வருவதோடு கண்ணாடியும் சூடேறியிருக்கும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் இலை பழுப்பாகக் கருகும். ஒரு மெல்லிய வெள்ளைத் திரை அதற்குப் போதும். கருநிற அல்லது பிரதிபலிக்கும் கண்ணாடி பொருத்திய புதிய அலுவலகக் கட்டடங்களில் வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே வருவது அதில் ஒரு சிறுபங்கு; அங்கே படம் எடுத்து வானத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, லக்ஸ் செயலியையும் பயன்படுத்த வேண்டும்.

ஜன்னல் இல்லாத இடத்தில்

ஜன்னலே இல்லாத அறையிலும் தொங்கும் செடி வளர்க்கலாம், விளக்கு அருகில் இருந்தால். அதற்கென்று விலை உயர்ந்த ஊதா நிற விளக்குகள் கட்டாயமல்ல. சாதாரண வெள்ளை எல்இடி விளக்கின் ஒளியிலேயே செடிக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் இருக்கின்றன. முக்கியமானது தூரம். சிறிய விளக்கிலிருந்து தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். ஒரு 9 வாட் எல்இடி பல்பை இலைகளுக்கு ஓர் அடி மேலே பொருத்தினால் ஏறத்தாழ 1,000 லக்ஸ் கிடைக்கும். அதே பல்பு நான்கு அடி தள்ளி இருந்தால் அதில் பதினாறில் ஒரு பங்குதான். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியும்படி ஒரு டைமரை இணைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் விடுமுறை நாட்களில் விளக்கை அணைத்துவிட்டுப் போகும் அலுவலகத்தில் செடியின் வரவு அந்நாட்களில் சுத்தமாக நின்றுவிடும்.

தண்ணீரும் வெளிச்சத்தின் பின்னால்தான்

"வாரம் ஒருமுறை", "இரண்டு நாளுக்கு ஒருமுறை" என்ற கணக்குகளை நான் நம்புவதில்லை. இலைகளிலுள்ள நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாகி வெளியேறுவதற்கு நீராவிப்போக்கு என்று பெயர். வேர் உறிஞ்சும் நீரின் மிகப் பெரும்பகுதி இப்படித்தான் செலவாகிறது. வெளிச்சம் குறைந்தால் நுண்துளைகள் குறைவாகத் திறக்கும், நீர்ச்செலவும் குறையும். நல்ல வெளிச்சத்தில் மூன்று நாளில் உலரும் தொட்டி, இருண்ட மூலையில் இரண்டு வாரம் ஈரமாகவே கிடக்கும். அந்த ஈரத்தில் மேலும் தண்ணீர் ஊற்றினால், மண்கலவையின் காற்றிடைவெளிகளெல்லாம் நீரால் நிரம்பி வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போகும். மூச்சுமுட்டிய வேரைப் பூஞ்சை எளிதில் தாக்கும். தண்ணீர் கூடிச் செத்தது என்று நாம் சொல்லும் செடிகளில் பல, உண்மையில் வெளிச்சம் குறைந்ததால் தண்ணீரைச் செலவழிக்க முடியாமல் செத்தவை.

தொங்குதொட்டியில் மண்ணின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வேறொரு வசதி உண்டு. தொட்டியின் அடியில் உள்ளங்கையை வைத்துச் சற்றே தூக்கிப் பார்த்தால் கனம் சொல்லிவிடும். நன்கு தண்ணீர் ஊற்றிய அன்றும், இலை லேசாகத் துவளும் அன்றும் தூக்கிப் பார்த்துவைத்துக்கொண்டால், பிறகு கையே அளவுகோலாகிவிடும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் தென்னை நார்க்கழிவில், அதாவது கோகோபீட்டில், நட்ட தொட்டிகளில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும். ஈரமாக இருக்கையில் கனக்கும், உலர்ந்தால் பஞ்சுபோல் இலேசாகிவிடும். ஊற்றும்போது தொட்டியைக் கழற்றிக் கழுவுதொட்டியில் வைத்து, அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றி, சொட்டுவது நின்றபின் மாட்டுங்கள். கொக்கியில் இருக்கும்போதே அரைக் குவளை ஊற்றும் பழக்கத்தில் மேல்மண் மட்டும் நனைந்து அடிவேர் காய்ந்து கிடக்கும்.

அடித்தட்டில் நீர் தேங்கவிடுவது நம் ஊரில் செடியின் பிரச்சினை மட்டுமல்ல. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தெளிந்த நீர் தேங்கும் சிறு இடங்களில்தான் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தட்டையும், மணி பிளாண்ட் வைத்த தண்ணீர்ப் புட்டியையும் வாரம் ஒருமுறை காலிசெய்து தேய்த்துக் கழுவுவது கட்டாயம்.

ஏசி அறையைப் பற்றி ஒன்று சொல்லலாம். குளிர் செடியைக் கொல்வதில்லை. 24 பாகை செல்சியஸ் இவற்றுக்கு இதமான வெப்பநிலையே. ஏசியிலிருந்து வரும் உலர்ந்த காற்று நேராக இலைமேல் வீசுவதுதான் கெடுதல். பாஸ்டன் ஃபெர்னின் நுனிகள் மொறுமொறுப்பாகிக் கொட்டுவதற்கு அது முதற்காரணம். காற்று வீசும் பாதையிலிருந்து விலக்கி மாட்ட இடமில்லாத அலுவலகத்தில் ஃபெர்ன் வேண்டாம், தடித்த இலையுள்ள ஹோயாவே பொருத்தம்.

காற்றைச் சுத்தம் செய்யுமா

அலுவலகத்துக்குச் செடி வாங்கச் சொல்லப்படும் காரணங்களில் மிகுதியாகப் பரவியது இது. 1989இல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்வில், காற்றுப்புகாத சிறிய கூண்டுகளுக்குள் செடிகளை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற வேதிவாயுக்கள் குறைவதை அளந்தார்கள். குறைந்தது உண்மை. ஆனால் அலுவலக அறை அடைத்த கூண்டு அல்ல. கதவிடுக்கு, ஜன்னல், காற்றோட்டக் குழாய் வழியாக அதன் காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டு 2019இல் வெளியிட்ட முடிவின்படி, சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலைக்கு ஈடாகச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குப் 10 முதல் 1,000 செடிகள் வேண்டும். பத்துக்குப் பத்தடி அறைக்கு மிகக் குறைந்த கணக்கிலேயே 90க்கு மேல் ஆகிறது. அறையின் காற்று நன்றாக இருக்க வேண்டுமானால் ஜன்னலைத் திறக்க வேண்டும். செடி, பார்க்க இதமாக இருக்கிறது என்பதற்காக இருக்கட்டும். அந்தக் காரணம் போதாதென்று எனக்குத் தோன்றவில்லை.

மாட்டுவதும் கனமும்

எட்டு அங்குலத் தொட்டி, தண்ணீர் ஊற்றியபின் மூன்று நான்கு கிலோ இருக்கும். ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகை அதைத் தாங்காது. மேலேயுள்ள கான்கிரீட் தளத்தில் ஆங்கர் போல்ட் அடித்து அதிலிருந்து கம்பியை இறக்க வேண்டும். வாடகை இடத்தில் துளையிட முடியாதென்றால் ஜன்னல் கிரில்லிலேயே கொக்கி மாட்டலாம். மேலே சொன்ன வெளிச்சக் கணக்குப்படி பார்த்தால் அதுதான் சிறந்த இடமும்கூட. கணினிக்கும் மின்பலகைக்கும் நேர்மேலே எந்தத் தொட்டியையும் மாட்டாதீர்கள்.

மொட்டையான செடியை மீட்பது

ஏற்கனவே உச்சி மொட்டையான மணி பிளாண்டோ ஃபிலோடெண்ட்ரானோ இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். முதலில் தொட்டியை இறக்கி, விளிம்புக்கு வானம் தெரியும் இடத்தில் மாட்டுங்கள். இடத்தை மாற்றாமல் வெட்டினால் செடி இன்னும் மெலியும், ஏனென்றால் துளிர்க்கத் தேவையான மிச்சம் அதனிடம் இருக்காது. இரண்டு மூன்று வாரம் கழித்து, நீண்ட கொடிகளைத் தொட்டியின் விளிம்பிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். வளரும் நுனி இருக்கும்வரை அது பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனி போனதும் எஞ்சிய கணுக்களிலிருந்து புதுத்துளிர் வரும்.

வெட்டிய கொடியை இரண்டு கணுக்கள் கொண்ட துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கணுவிலும் இலைக்காம்புக்கு எதிர்ப்புறத்தில் பழுப்பு நிறச் சிறு முண்டு ஒன்று தெரியும். அதுதான் மரத்தைப் பற்றவிருந்த வேரின் தொடக்கம். அந்த முண்டு மண்ணுக்குள் போகும்படி, மொட்டையாகக் கிடக்கும் அதே தொட்டியின் மேற்பரப்பில் ஐந்தாறு துண்டுகளைச் செருகிவிட்டால், நல்ல வெளிச்சத்தில் சில வாரங்களில் வேர் பிடித்துவிடும். இந்தக் கொடிகளின் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசிபோன்ற நுண்படிகங்கள் இருப்பதால் வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்; பூனையோ நாயோ உள்ள வீட்டுப் பணியறையில் வெட்டிய துண்டுகளைத் தரையில் விடாதீர்கள். ஹோயாவை மட்டும் இப்படி வெட்டும்போது பொறுமை வேண்டும். பூ உதிர்ந்தபின் எஞ்சும் குட்டையான காம்பு காய்ந்த குச்சிபோலத் தோன்றினாலும், அடுத்த முறை பூங்கொத்து பெரும்பாலும் அதே காம்பிலிருந்துதான் வரும்.